மூன்றாம் நம்பரில் இருந்த மெயில்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை மறைத்துப் பழக்கமில்லை. ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் பதினாறு வருஷமாகக் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். அந்தக் கோபத்தோடுதான் நடத்துகிறேன். ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. நான்கு கம்ப்யூட்டர், நான் ஒருத்தி. வருகிறவர்களுக்கு நான் அக்கா. என் அப்பா வயதுக்காரர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பேஜார் பண்ணாதீங்க, தொல்லை குடுக்காதீங்க" என்று நாளைக்குப் பத்து முறையாவது என் வாயிலிருந்து வரும். சொன்ன கையோடு வேலையை முடித்துக் கொடுத்துவிடுவேன், அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொழிலில் நான் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. எந்தப் படிவத்தை எப்படி நிரப்பினால் திரும்பி வராது, எந்தப் போட்டோவை எவ்வளவு சுருக்கினால் ஏறும் என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். புதிதாக எது வந்தாலும் முதலில் கற்றுக்கொள்வேன். அதனால்தான் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் என் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

மற்ற மூன்றிலும் புது பிரவுசர் போட்டுவிட்டேன். மூன்றாம் நம்பரில் மட்டும் அந்தப் பழையது கிடந்தது. நீல எழுத்தில் ஒரு படம், அதை ஒரு வளையம் சுற்றி நிற்கும். செய்த கம்பெனியே இனி இதை நாங்கள் பார்த்துக்கொள்ள மாட்டோம் என்று கைகழுவிவிட்டது. பாதி வெப்சைட்டுகள் அதில் திறக்காது. திறந்தாலும் எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். ஆனால் அதைத்தான் கேட்டு வருவார்கள். தேசூரிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் இரண்டு பஸ் மாறி வருவார். மற்ற மூன்றும் காலியாக இருந்தாலும் மூன்றாம் நம்பருக்காகக் காத்திருப்பார். "இங்க உட்காருங்க சார், இது ஃபாஸ்டா இருக்கும்" என்றால், "இல்லம்மா, எனக்கு இன்டர்நெட்தான் வேணும்" என்பார். அவருக்கு இன்டர்நெட் என்பதே அந்த நீல எழுத்துதான். மற்றதெல்லாம் வேறு ஏதோ.

ஜவுளிக்கடைக் கணக்கர் ஒருவருக்கு ஒரு படிவம் அதில் மட்டும்தான் ஒழுங்காகத் திறக்கும். இன்னொருவருக்கு அந்த முகப்புப் பக்கம் மாறினாலே தலை சுற்றும். எல்லாருக்கும் ஒரு காரணம் இருந்தது. எனக்கு அத்தனையும் சோம்பேறித்தனமாகத் தெரிந்தது.

அவர்களில் முள்ளிப்பட்டு கிராமத்து அம்மாதான் பெரிய பேஜார் என்று அப்போது சொல்லியிருப்பேன். என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்து. வீட்டிலேயே தறி. மாஸ்டர் வீவர் என்கிற முதலாளி கொடுக்கிற பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூலில், அவர் சொல்கிற டிசைனைக் கூலிக்கு நெய்து கொடுக்கிற வேலை. ஆனால் அந்த அம்மாவுக்கு டிசைன் போட வரும். நோட்டுப் புத்தகத்துக் கட்டங்களில் பூவும் கொடியும் போட்டுக்கொண்டு வருவாள். பல வருஷத்துக்கு முன்பு நான்தான் ஒரு மெயில் ஐடி திறந்து கொடுத்தேன். மாதத்துக்கு ஒரு முறை வந்து யாருக்காவது டிசைன் படம் அனுப்புவாள். கையில் நல்ல போன் இருந்தது. அதிலேயே மெயில் பார்க்கலாம் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

"என் மெயிலு உங்க கடையில தானேக்கா இருக்குது. அத எதுக்கு போன்ல தேடிகினு."

"மெயில் இந்தப் பொட்டிக்குள்ள இல்லம்மா. எங்க வேணா திறக்கலாம். எத்தினி வாட்டி சொல்றது?"

"சரிங்கக்கா" என்பாள். அடுத்த மாதமும் மூன்றாம் நம்பருக்கு முன்னால்தான் உட்காருவாள்.

ஒரு முறை நான் மேசைகளை இடம் மாற்றிப் போட்டதில் அவள் வேறு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, மெயில் காணோம் என்று பதறிவிட்டாள். அன்றைக்கே தறியில் மிஞ்சிய அரக்குப் பட்டு நூல் ஒன்றைக் கொண்டுவந்து, மூன்றாம் நம்பர் சிபியூவின் முன்பக்கத் துளைகளில் கோர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். அதோடு விடவில்லை. நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள்; கடையில் ஆயுத பூஜை கிடையாது. ஆனால் வருஷா வருஷம் அந்த நாளில் வந்து மூன்றாம் நம்பருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுப் போவாள். "என் வேல இதுலதானேக்கா நடக்குது" என்பாள். நானும் துடைக்க மாட்டேன். அந்த அளவுக்கு நான் கெட்டவள் இல்லை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்ததும் முடிவு செய்தேன். செகண்ட் ஹேண்டில் நல்லதாக ஒரு சிபியூ வந்திருந்தது. மூன்றாம் நம்பர் மேசையில் அதை வைத்து, புது பிரவுசர் போட்டு, பழைய பெட்டியைக் காயலாங்கடையில் போட்டுவிட்டேன். இரண்டு நாள் ரொம்பத் திருப்தியாக இருந்தது. வாத்தியார் வந்து முகத்தைச் சுருக்கினார். உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தேன். கணக்கருக்கும் ஒரு வழி சொன்னேன். எல்லாரும் பழகிவிடுவார்கள், நாம்தான் கொஞ்சம் அதட்ட வேண்டும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணி இருக்கும். முள்ளிப்பட்டு அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள். அவள் அப்படி வந்து நான் பார்த்ததில்லை. சென்னையில் ஒரு கைத்தறிக் கண்காட்சிக்கு அவள் ஸ்டால் கேட்டு எழுதியிருந்தது எனக்குத் தெரியும். விண்ணப்பம் போட்டதே நான்தான். தன் சொந்த டிசைனில் ஒன்பது சேலை நெய்து வைத்திருந்தாள். மாஸ்டர் வீவர் கொடுத்த வேலைக்கு நடுவில், கிடைத்த நேரத்தில், ஒன்றரை வருஷமாக நெய்தது. இதுவரை அவள் நெய்த எந்தச் சேலையும் அவள் பேரில் விற்றதில்லை.

"போன் வந்துதுக்கா. இடம் கிடைச்சிடுச்சாம். கடுதாசி மெயில்ல அனுப்பிட்டாங்களாம். அஞ்சு மணிக்குள்ள சம்மதம்னு பதில் போடணுமாம், இல்லாங்காட்டி வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம்."

"போட்டுடலாம், உட்காரு" என்றேன். மெயில் பக்கத்தைத் திறந்தேன். ஐடியை அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது.

"பாஸ்வேர்டு சொல்லு."

"அது உங்களுக்குத்தானே தெரியும். நான் உட்கார்ந்தா அதுவே திறந்துக்கும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களைப் போலச் சென்டர் வைத்திருப்பவர்கள் எல்லாரும் செய்கிற காரியம் அது. வருகிற கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டிருக்க முடியாது. வாயில் வந்ததை நாமே அடித்துவிட்டு, நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா என்று பிரவுசர் கேட்டதும் சரி என்று தட்டிவிடுவோம். பாஸ்வேர்டு மறந்தால் மீட்பதற்குப் போன் நம்பர் கேட்கிற இடத்தில் கடை நம்பரைப் போடுவோம். அவளுக்கும் அப்படித்தான் போட்டேன். கடையின் அந்தப் பழைய நம்பர் செத்து நான்கு வருஷம் ஆகிறது. ஆக, இந்த உலகத்தில் அவள் பாஸ்வேர்டைத் தெரிந்து வைத்திருந்தது அந்த நீல எழுத்து ஒன்றுதான். அதைத்தான் நான் காயலாங்கடையில் போட்டிருந்தேன்.

கடைப் பேரை அடித்துப் பார்த்தேன். முள்ளிப்பட்டு என்று போட்டுப் பின்னால் ஒன்று இரண்டு மூன்று அடித்தேன். அவள் பேர், ஊர்ப் பேர், தெருப் பேர். ஐந்தாவது முறையோடு சற்று நேரம் கழித்து முயலுங்கள் என்று சொல்லிவிட்டது. கண்காட்சிக்காரர்களுக்குப் போன் போட்டேன். எடுத்தவர், பதிவு செய்த மெயிலிலிருந்துதான் பதில் வர வேண்டும், போனில் ஏற்க முடியாது என்று வைத்துவிட்டார்.

அவள் மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள். அரக்கு நூலைத் தேடியிருக்க வேண்டும்.

"என் பொட்டி எங்கேக்கா?"

சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி என் மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவள் நிதானமாகத்தான் கேட்டாள்.

"தறியில பாவு தீர்ந்துட்டா பழசோட நுனிய அச்சுல அப்படியே விட்டு வச்சு, அதுலதானே புதுப் பாவ ஒண்ணொண்ணா பிணைப்போம். பழச முன்னாடியே உருவிப் போட்டுட்டா புதுச எதுல பிணைக்கிறது? இதுக்கு அப்படி ஒண்ணும் கிடையாதாக்கா?"

உண்டு. பழைய பிரவுசரில் இருப்பதைப் புதியதற்கு மாற்றிக்கொள்ள ஒரு வழி உண்டு, பத்து நிமிஷ வேலை. எனக்குத் தெரியும். பழையதில் வைத்துக்கொள்கிற மாதிரி எதுவும் இருக்காது என்று நானே தீர்மானித்து விட்டுவிட்டேன். "உண்டு, நான்தான் செய்யல" என்றேன். பதினாறு வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை.

ஷட்டரை இறக்கினேன். அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் இருக்கும் காயலாங்கடைக்குப் போனேன். கடைக்காரப் பெரியவர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழமை போட்டதா? அதோ அந்தக் குவியல்ல கீது பாரு. ஜல்தி எடுத்துக்க. நாலு மணிக்கு வந்தவாசி வண்டி வந்தா எல்லாத்தையும் ஏத்திடுவேன்."

குவியலுக்குப் பக்கத்தில் போனோம். முப்பது நாற்பது சிபியூக்கள், ஒரே கறுப்பு, ஒரே தூசு. சந்தனப் பொட்டை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்தேன். பார்த்தால் பாதிக்கு மேல் பொட்டு. ஊரில் உள்ள ஆபீஸ்களும் கடைகளும் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அத்தனை பெட்டிகளிலும் காய்ந்து ஒட்டியிருந்தன. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குவியலுக்குள் இறங்கினாள். கண்ணால் தேடவில்லை. ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கத்தையும் விரல் நுனியால் தடவிக்கொண்டே போனாள். நான் வேறு பக்கம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, முழங்கையில் சிராய்த்துக்கொண்டேன். மூன்று மணி தாண்டியிருக்கும்.

"இது என் முடிச்சுதாங்கக்கா" என்றாள்.

நூல் தூசியில் சாம்பல் நிறமாகியிருந்தது. அவள் எச்சில் தொட்டுத் தேய்த்ததும் அரக்கு தெரிந்தது. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டை மட்டும் கழற்றியிருந்தார்கள். உள்ளே எல்லாம் இருந்தது. நான் அங்கேயே ஜெபம் பண்ணினேன் என்று சொன்னால் நம்புவீர்களா தெரியவில்லை. பண்ணினேன்.

கடைக்கு வந்து, பழைய பெட்டியை மேசைமேல் வைத்து ஒயர்களை மாட்டினேன். அது எழுந்து வர எப்போதும் ஏழெட்டு நிமிஷம் ஆகும். மற்ற நாளாக இருந்தால் அதற்கும் திட்டியிருப்பேன். அன்றைக்கு அந்த ஃபேன் இரைச்சல் கேட்டதே பெரிய நிம்மதியாக இருந்தது. நீல எழுத்தைத் தட்டினேன். போன மாதம்வரை திறந்த மெயில் பக்கம் இப்போது அதில் திறக்கவில்லை, என்றைக்காவது நிறுத்துவார்கள் என்று நான் எதிர்பார்த்ததுதான். இந்த பிரவுசரை இனி ஏற்க மாட்டோம் என்று எழுதி வந்தது. பரவாயில்லை. எனக்கு வேண்டியது அது மனப்பாடம் பண்ணி வைத்திருந்த ஒரே ஒரு சொல்.

செட்டிங்கிற்குள் போய், அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று திறந்து, சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளின் பட்டியலைப் பிடித்தேன். அவள் ஐடி இருந்தது. எதிரில் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக. பக்கத்தில் 'காட்டு' என்று ஒரு பட்டன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தட்டினேன்.

ஆங்கில எழுத்தில் முள்ளிப்பட்டு என்று இருந்தது. அதை ஒட்டியே பேஜார். கடைசியில் ஒரு ஒன்று.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அவளுக்கு மெயில் ஐடி திறந்த அன்றைக்குப் பிளஸ் டூ ரிசல்ட். கடை வாசல்வரை கூட்டம். நடுவில் கரண்ட் போய்ப் போய் வந்தது. இந்த அம்மா ஓரமாக நின்றுகொண்டு, மெயில் என்றால் என்ன, அனுப்பினால் எப்போது போகும், போனது எப்படித் தெரியும் என்று நான்கு முறை கேட்டாள். என்ன பாஸ்வேர்டு வைக்கட்டும் என்றதற்கு, நீங்களே வையுங்கக்கா என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மனதில் இருந்ததை அப்படியே அடித்தேன். திரையில் புள்ளிகள்தானே விழும், யார் பார்க்கப் போகிறார்கள். அடித்த மறுநிமிஷம் நான் மறந்துபோனேன். அந்தப் பழைய பிரவுசர் மறக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் அவள் வந்து உட்கார்ந்ததும் அதைச் சொல்லித்தான் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது.

அவள் எட்டாவது வரை படித்தவள். ஆங்கிலமும் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். நான் சட்டென்று மூடியிருக்கலாம். கை அசையவில்லை.

"முள்...ளிப்...பட்டு" என்று விரலை வைத்துக்கொண்டு படித்தாள். முகம் மலர்ந்தது. "எங்க ஊருதான் வச்சிருக்கீங்க." விரல் நகர்ந்தது. "பே... ஜார்..."

விரல் அங்கேயே நின்றது.

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வயதில் அப்படி ஒரு வெட்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை. முகத்துக்கு நேரே நூறு முறை சொன்ன வார்த்தைதான். ஆனால் நேரே சொன்னது காற்றோடு போயிற்று. இது அவள் ஊர்ப் பேரோடு ஒட்டிக்கொண்டு, அவள் யாருக்கு எந்த டிசைன் அனுப்பினாலும் அதற்கு முன்னால் நின்றிருக்கிறது.

"மன்னிச்சிக்கம்மா" என்றேன். "அன்னிக்கு ரொம்பக் கூட்டம். என் புத்தி அப்படி."

அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "மணி நாலே காலுங்கக்கா. மொதல்ல பதில போட்டுடலாம்" என்றாள்.

புது சிபியூவை மாட்டி, புது பிரவுசரில் ஐடியை அடித்து, அந்த வார்த்தையை ஒவ்வொரு எழுத்தாக நானே அடித்தேன். என் விரல்கள் அவ்வளவு மெதுவாக எப்போதும் போனதில்லை. திறந்தது. கண்காட்சிக் கடிதம் மேலேயே இருந்தது. ஸ்டால் எண், எத்தனை நாள், என்ன கொண்டுவர வேண்டும் என்று எழுதி, அவள் பேர் மேலே அச்சாகியிருந்தது. பேருக்கு முன்னால் திருமதி போட்டிருந்தார்கள். அதை அவள் இரண்டு முறை தொட்டுப் பார்த்தாள். சம்மதம் என்று அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். நாலரைக்கு மெயில் போயிற்று. போனது எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. நானே காட்டினேன்.

என் கருத்தில் நான் இன்றைக்கும் உறுதியாகத்தான் இருக்கிறேன். கம்பெனியே கைவிட்ட பிரவுசரை வைத்துக்கொண்டு மெயிலும் பேங்க்கும் பார்ப்பது ஆபத்து. அதில் ஒரு எழுத்துகூடப் பின்வாங்க மாட்டேன். வாத்தியார் இப்போது புதியதில் நன்றாகவே பழகிவிட்டார். ஆனால் ஜனங்கள் ஏன் பழையதை விடுவதில்லை என்று யாராவது என்னைக் கேட்டால் சோம்பேறித்தனம் என்று சொல்வதில்லை. அவர்கள் நம்பி ஒப்படைத்தது அதற்குள் இருக்கிறது. வாங்கி வைத்தவர்கள் எங்களைப் போன்றவர்கள். திருப்பிக் கொடுக்காமலே பெட்டியை மாற்றுகிறவர்களும் நாங்கள்தான்.

பதில் போன பிறகு, "இந்தப் பாஸ்வேர்ட மாத்திடலாம்" என்றேன். மாற்றுகிற பக்கத்தைத் திறந்து, பழைய வார்த்தையைக் கடைசி முறையாக அடித்து, புதிதுக்கான கட்டத்தில் கர்சரை நிறுத்தினேன். பழக்க தோஷம், "இன்னா வைக்கட்டும்?" என்று கேட்டுவிட்டேன்.

"நானே வச்சிக்கிறங்கக்கா. நீங்க கொஞ்சம் அப்படித் திரும்புங்க."

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு தெருவைப் பார்த்தேன். ஒற்றை விரலில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். ஒரு முறை அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். எனக்குப் பொறுமை போகவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இன்னாவோ கேக்குதுங்கக்கா" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். கட்டத்தில் புள்ளிகள் நிறைந்திருந்தன. மூலையில் புது பிரவுசர் ஒரு சின்னச் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தது.

"பாஸ்வேர்ட ஞாபகம் வச்சிக்கட்டுமானு கேக்குதும்மா."

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"வேணாம்னு சொல்லுங்க" என்றாள். "இத நான் வச்சிக்கிறேன்."